காகபாதம் விழுந்த கல்

குரோம்பேட்டையில் ஸ்கேன் எடுக்கும் இடத்தில், உள்ளே போவதற்கு முன்னால் ஒரு பெண் என்னிடம் பிளாஸ்டிக் தட்டு ஒன்றை நீட்டினாள். வளையல், சங்கிலி, கம்மல், புடவையில் குத்தியிருந்த ஊக்கு எல்லாவற்றையும் கழற்றி அதில் போட்டேன். அவள் என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "மூக்குத்தியும் கழட்டணும்மா," என்றாள்.

"இது வராதும்மா. பல வருஷமா இறுகிப் போயிருக்கு."

"உள்ள பெரிய மேக்னட் இருக்கும்மா. மெட்டல் எதுவும் இருக்கக் கூடாது. கூட யாராவது வந்திருக்காங்களா? அவங்கள கழட்டித் தரச் சொல்லுங்க."

யாரும் வரவில்லை என்றேன். கையுறை மாட்டிக்கொண்டு அவளே முயன்று பார்த்தாள். ரப்பர் விரலுக்குள் திருகாணி சிக்கவில்லை. பின்னால் வரிசையில் ஆட்கள் காத்திருந்தார்கள். "நகைக்கடையில காட்டிக் கழட்டிட்டு வேற ஒரு நாள் வாங்கம்மா," என்று பணிவாகத்தான் சொன்னாள். தட்டிலிருந்ததை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பப் போட்டுக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு வந்து பஸ்ஸுக்கு நின்றேன். காலையில் படுக்கையை விட்டு எழுந்தால் சில நாள் அறை சுற்றும். சுவரைப் பிடித்துக்கொண்டு அது நிற்கும்வரை காத்திருப்பேன். அதற்காகத்தான் அந்த ஸ்கேன்.

இரும்புலியூரில் ஓர் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறேன். கணவர் இறந்து வருஷங்களாகின்றன. ஒரே மகள் கனடாவில். பள்ளிக்கூட அலுவலகம் ஒன்றில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றேன். தனியாகச் செய்ய முடியாத வேலை என்று எதுவும் பாக்கியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கேஸ் சிலிண்டர் மாற்றுவேன். ட்யூப்லைட் ஸ்டார்ட்டர் மாற்றுவேன். அன்று வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்றபோதுதான் தெரிந்தது. மூக்குத்தியின் தண்டு மூக்கைத் துளைத்து உள்ளே போகிறது, திருகாணி உள்ளே இருக்கிறது. கல்லை வெளியே ஒரு கை அசையாமல் பிடிக்க வேண்டும், இன்னொரு கை உள்ளே திருக வேண்டும். தன் மூக்கைத் தானே அப்படிப் பிடித்தால் கண்ணாடியில் ஒன்றும் தெரியாது, கைகள்தான் தெரியும். மூக்கு சிவந்து கண்ணில் நீர் வந்ததோடு விட்டுவிட்டேன்.

மகள் வீடியோவில் வந்தாள். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தாள். "பக்கத்து ஃப்ளாட்ல யாரையாவது கூப்பிடும்மா," என்றாள்.

"கூப்பிடறேன்," என்றேன். எதிர் வீட்டில் இருப்பவர்களின் பெயர்கூட எனக்குச் சரியாகத் தெரியாது. கொரியர் வந்தால் வாங்கிவைத்துக் கொடுப்போம், அவ்வளவுதான். அவர்கள் கதவைத் தட்டி, என் மூக்குக்குள் விரலை விடுங்கள் என்று எப்படிக் கேட்பது?

அதுவரைக்கும் அந்த மூக்குத்தியைக் கழற்றியதும் போட்டதும் என் கணவர் மட்டும்தான்.

அவர் தி.நகரில் ஒரு நகைக்கடையில் கல் பிரிவில் விற்பனையாளராக இருந்தார். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி மாம்பலத்தில் இறங்குவார். "தங்கத்துக்குத் தராசு இருக்கு, கல்லுக்குக் கதைதான்," என்று சொல்வார். வாங்க வருகிறவர்களுக்குக் கல் மட்டும் போதாதாம், அது எங்கிருந்து வந்தது, யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்று கேட்டால்தான் மனசு வருமாம். பகலெல்லாம் அவர்களுக்குச் சொன்னதைச் சாயங்காலம் எனக்குச் சொல்வார். நான் காய் நறுக்கிக்கொண்டே கேட்பேன்.

கன்னியாகுமரி அம்மனின் மூக்குத்தி ஒளியைக் கலங்கரை விளக்கு என்று நினைத்துக் கப்பல்கள் பாறையில் மோதியதால்தான் கோயிலின் கிழக்கு வாசலை மூடினார்கள் என்பார். உடனே அவரே, "ஆனா ஒண்ணு பாரு, பழைய சோழர் காலத்துச் சிலை எதுலயாவது மூக்குத்தி இருக்கா? காது நிறைய இருக்கும், கழுத்து நிறைய இருக்கும், மூக்கு வெறும் மூக்கு. மூக்குத்தி நம்ம ஊருக்கு ரொம்பப் பின்னாடி வந்த நகை," என்று சேர்த்துக்கொள்வார். ஒரு காலத்தில் உலகத்துக்கே வைரம் என்றால் நம் நாட்டு ஆற்றங்கரைகள்தான் என்பார். கிருஷ்ணா நதிப் பக்கம் மணலை அரித்து எடுத்தார்களாம். அதைப் பற்றிக் கடல் தாண்டிப் போன கதை வேறு: பாம்புகள் காவல் இருக்கும் பள்ளத்தில் இறைச்சியை வீசுவார்கள், வைரம் அதில் ஒட்டிக்கொள்ளும், கழுகு கவ்விக்கொண்டு மேலே வரும்போது பிடுங்கிக்கொள்வார்கள். "ஆத்து மணலை அரிச்சு எடுத்தோம்னு சொன்னா எவன் விலை குடுப்பான்? பாம்பு காவல்ல இருந்து எடுத்தோம்னு சொல்லணும்," என்று சிரிப்பார்.

நீலக்கல்லைப் பற்றி அவரிடம் நிறையக் கதைகள் இருந்தன. நீலம் சனியின் கல். ஒத்துக்கொண்டால் ராஜா, ஒத்துக்கொள்ளாவிட்டால் நடுத்தெரு. அதனால் வாங்குமுன் துணியில் முடிந்து தலையணைக்கடியில் வைத்துப் படுத்துப் பார்ப்பார்கள். குன்றத்தூரிலிருந்து ஒருவர் அப்படி எடுத்துப் போனார். மறுநாள் கடை திறக்கும்முன் வாசலில் வந்து நின்றார். ராத்திரி வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டதாம், கல்லே வேண்டாம் என்றாராம். "ஏரிக்கரையில வீட்டைக் கட்டிக்கிட்டு, பாம்பு வராம யானையா வரும்னு கேட்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. கல்லை வாங்கி உள்ள வெச்சுட்டேன்," என்றார். நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன்.

அவர் விரலில் மோதிரம் கிடையாது, கழுத்தில் ஒன்றும் கிடையாது. "நாள்பூரா ஒன்பது கல்லையும் தொட்டுக்கிட்டே இருக்கேன். எது என்னை என்ன பண்ணுச்சு?" என்று கேட்பார்.

என் மூக்குத்திக் கல் அவருடைய கடையில் வெகுகாலம் விலைபோகாமல் கிடந்த கல். வைரத்தில் குற்றம் பார்க்கிறவர்கள் புள்ளி, கீற்று என்று பலதும் பார்ப்பார்கள். எல்லாவற்றிலும் பெரிய குற்றம் காகபாதம். கல்லுக்குள்ளே மெல்லிய வெடிப்பு ஒன்று மூன்று பிரிவாகப் பிரிந்து, ஈர மண்ணில் காக்கை மிதித்த அடி மாதிரி இருக்கும். காகபாதம் உள்ள கல்லைச் சுமங்கலி போட்டால் கணவனுக்கு ஆகாது என்பது பழைய நம்பிக்கை. கல்யாணப் பெண்ணின் அம்மாமார் ஜன்னலோரம் போய் லென்ஸை வைத்துப் பார்த்து, தொட்டது கையைச் சுட்டதுபோல அதைத் தட்டில் வைத்துவிடுவார்களாம். அந்தக் கல்லைத்தான் அவர் எனக்கென்று கேட்டு வாங்கி, தங்கத்தில் பதித்துக் கொண்டுவந்தார். மறைக்கவில்லை. என்ன குற்றம், என்ன சொல்வார்கள், எல்லாவற்றையும் சொன்னார்.

"உனக்கு மனசுல உறுத்துச்சுன்னா வேணாம். திருப்பிக் குடுத்துடறேன்."

"வெளியில பார்த்தா தெரியுமா?"

"லென்ஸ் வெச்சுப் பார்த்தாத்தான் தெரியும். இல்ல, நான் சொன்னாத் தெரியும்."

"அப்ப யாருகிட்டயும் சொல்லாதீங்க," என்றேன். அன்றைக்கே போட்டுவிட்டார்.

தீபாவளிக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூந்திக்கொட்டையை ஊறவைத்து நுரைக்கவிட்டு வைர நகையைக் கழுவுவது வழக்கம். என்னை ஜன்னலோரம் உட்காரவைத்து, மோவாயைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, அவர்தான் கழற்றுவார். மூச்சு விடாதே என்பார். அவ்வளவு பக்கத்தில் அவர் முகம் இருக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். சிரித்தால் திருகாணி நழுவும், திட்டுவார். கழுவித் துடைத்த கல்லை வெளிச்சத்தில் ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டு நன்றாக இறுக்கிவிடுவார். வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிற சின்னக் காரியம்.

ஒரு நாள் கடையில் இருக்கும்போதே நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தாராம். எனக்குச் செய்தி வந்து நான் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

பத்தாம் நாள் சடங்கில் பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். தாலி எடுத்தார்கள், வளையல் எடுத்தார்கள். மூக்குத்தியைக் கழற்ற என் நாத்தனார் முன்னால் வந்தார். அவருடைய அக்கா. அம்மா இல்லாத வீட்டில் தம்பியை வளர்த்தது அவர்தான். எண்ணெய் விட்டுத் திருகிப் பார்த்தார், துணியை வைத்துத் திருகிப் பார்த்தார். ரத்தம் வந்தது. யாரோ ஒருத்தி, "வெட்டிடலாமா?" என்று கேட்டாள். மகள் அழுதுகொண்டே கத்தினாள், "விடுங்க எங்கம்மாவ!" நாத்தனார் கையை எடுத்துவிட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய்விட்டார்.

அப்படித்தான் அது என் மூக்கிலேயே தங்கியது. அதன்பின் ஒரு கல்யாணத்தில் வரவேற்பில் நின்ற பெண் என் மூக்குத்தியைப் பார்த்துவிட்டுக் குங்குமத்தை நீட்டினாள். பக்கத்தில் நின்றவள் அவள் முழங்கையைத் தொட்டாள். சிமிழ் அப்படியே பின்னால் போயிற்று. அந்தப் பெண் பாவம், முகம் சிறுத்துவிட்டது. நான் பன்னீரை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

ஆனால் என்னை உறுத்தியது அதெல்லாம் இல்லை. முகம் கழுவும்போது விரல் கல்லில் படும். அப்போதெல்லாம், இது வேண்டாம் என்று சொல்லியிருந்தால், என்று ஒரு நினைப்பு வரும். அது மூடநம்பிக்கை என்று எனக்குத் தெரியும். வேறு யாராவது என்னிடம் அப்படிச் சொன்னால் நானே திட்டியிருப்பேன். ஆனால் தனியாக இருக்கிற வீட்டில் ஒரு நினைப்புக்கு மறுப்புச் சொல்ல ஆள் கிடையாது. குக்கர் சத்தத்துக்கும் டி.வி. சத்தத்துக்கும் நடுவே அது பாட்டுக்கு இருக்கும். மகளிடம்கூட நான் இதைச் சொன்னதில்லை.

ஸ்கேனுக்குப் போய்த் திரும்பிய வாரத்திலேயே மீன்காரம்மா வந்தாள். கோவளம் பக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோவிலும் பஸ்ஸிலுமாக அலுமினியக் கூடையோடு வந்து எங்கள் அடுக்குமாடி வாசலில் உட்காருவாள். நான் வாங்குவது கொஞ்சம் சங்கரா அல்லது ஒரு கை நெத்திலி, அதற்கும் முகம் சுளிக்கமாட்டாள். அன்று என்னைப் பார்த்ததும், "இன்னாமா, மூக்கு வீங்கிக் கீது?" என்றாள்.

சொன்னேன்.

"அட, இதுக்கா இம்மாம் பேஜாரு! என் மருமவளுக்கு ரெண்டு பக்கமும் மூக்குத்தி. நான்தான் கழட்டி வுடுவேன். நீ போய் தேங்கா எண்ணெய் வுட்டுகினு ஊறவுடு. இந்தக் கூடை காலியாவட்டும், மேல வரேன்."

சொன்னபடியே வந்தாள். சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவினாள். "நாத்தம் போவாது, பொறுத்துக்கோ," என்றாள். ஜன்னலோரம் என்னை நாற்காலியில் உட்காரவைத்தாள். உள்ளங்கை சொரசொரவென்று இருந்தது. மோவாயைப் பிடித்து முகத்தைத் தூக்கினாள்.

"வூட்ல யாரும் இல்லியா?"

"இல்ல."

"நீ மட்டுமா? இவ்ளோ பெரிய வூட்லயா?"

"ஆமா."

"உம்," என்று மட்டும் சொன்னாள். முதலில் திருகாணி அசையவில்லை. விரல் வழுக்கியது. புடவைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு மறுபடி பிடித்தாள். கடைசியில் உள்ளே கடுகு வெடித்ததுபோல ஒரு சின்னச் சத்தம் கேட்டது. பிறகு அது சுற்ற ஆரம்பித்தது.

"அழுவுறியா? வலிக்குதா?"

"இல்ல, வலிக்கல."

"பின்ன இன்னாத்துக்கு அழுவுற?"

என்ன சொல்வது? என் முகத்தை ஒருவர் கையால் தொட்டு எத்தனை காலமாகிவிட்டது என்று அந்த நிமிஷத்தில்தான் கணக்குப் பார்த்தேன் என்று சொல்ல முடியுமா? அவள் மூக்குத்தியை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள். "நல்லா பளபளன்னு கீது. பத்திரமா வை. எனக்கு பஸ்ஸு போய்டும்," என்று படியிறங்கிப் போனாள். காப்பி குடித்துவிட்டுப் போகச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியபோது அவள் கீழே கேட்டைத் தாண்டியிருந்தாள்.

பீரோவில் அவருடைய லென்ஸ் இருந்தது. கண்ணில் இடுக்கிக்கொண்டு பார்க்கும் சின்னக் கறுப்பு லென்ஸ். அவர் உயிரோடு இருந்தபோது ஒருநாளும் நான் அந்தக் கல்லை லென்ஸில் பார்த்ததில்லை. பார்க்க வேண்டாம் என்றே இருந்துவிட்டேன். இப்போது பூந்திக்கொட்டை போட்டுக் கழுவித் துடைத்து ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். முதலில் வெறும் வெளிச்சம். பிடிக்கிற தூரம் பிடிபடவில்லை. பிறகு அது தெரிந்தது. அடியில், ஓரமாக, நூலைவிட மெல்லியதாக ஒரு கோடு மூன்றாகப் பிரிந்திருந்தது. அவ்வளவுதான். இதற்கா இத்தனை வருஷம் பயந்தேன் என்று தோன்றியது. பார்த்துவிட்டதாலேயே பயம் போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. ஒரு டப்பாவில் பஞ்சு வைத்து மூடினேன்.

மறுபடி போய் எடுத்த ஸ்கேனில் ஒன்றும் இல்லை. டாக்டர் காதைச் சோதித்துவிட்டு, "உங்க காதுக்குள்ள மணல் மாதிரி குட்டிக் குட்டிக் கல் இருக்கும்மா. எல்லாருக்கும் இருக்கும். அதுல சிலது இடம் மாறிடுச்சு. அதான் சுத்துது," என்றார். தலையைச் சாய்த்துச் சாய்த்து அவை பழைய இடத்துக்குப் போகும்படி ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்தார். தலையைப் பிடித்துக்கொள்ள யாராவது இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் தலையணை வைத்துச் செய்யலாம் என்றார். வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்ததும் சிரிப்பு வந்தது. எந்தக் கல்லுக்கும் அசராத மனுஷரின் மனைவிக்குக் காதுக்குள்ளேயே கல். இதைச் சொன்னால் சேர்ந்து சிரிக்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன்.

மூக்கில் துளை தூர்ந்துவிடக் கூடாது என்று துடைப்பத்து ஈர்க்கைக் கிள்ளிச் செருகியிருந்தேன். திரும்பப் போட்டுக்கொள்வதா, வேண்டாமா? இத்தனை நாள் அதற்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. கழற்ற வரவில்லை, அதனால் போட்டிருக்கிறேன் என்றால் யாரும் மேலே கேட்கமாட்டார்கள். இப்போது போட்டுக்கொண்டால் நானாகப் போட்டுக்கொண்டதாகும். மகளைக் கேட்டால், "உனக்குப் பிடிச்சா போடும்மா, இதுல என்ன இருக்கு?" என்பாள். அவளுக்கு அதில் ஒன்றும் இல்லைதான். மீன்காரம்மாவைக் கேட்கலாம் என்று பார்த்தால் கடலில் மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்துவிட்டது. அந்த மாதங்களில் அவள் வருவதில்லை.

ஒரு காலைப்பொழுதில் டப்பாவைக் கைப்பையில் வைத்துக்கொண்டு தாம்பரத்தில் ரயில் ஏறிக் கூடுவாஞ்சேரிக்குப் போனேன். நாத்தனார் அங்கேதான் இருக்கிறார். போன வருஷம் அவர் கணவர் இறந்தபோது போனதுதான், அதன்பின் போகவில்லை. பத்தாம் நாளுக்குப் பின் எங்களுக்குள் சண்டை என்று எதுவும் இல்லை. பேச்சும் இல்லை. விசேஷங்களில் பார்த்தால், சௌக்கியமா என்று கேட்போம்.

ஸ்டேஷனிலிருந்து உள்ளே தள்ளி, காலி மனைகளுக்கு நடுவே அவர் வீடு. மகன் பெங்களூரில். கதவைத் திறந்தவர் என்னைக் கண்டதும் கொஞ்சம் திகைத்துவிட்டார். "வா வா, உள்ள வா. போன் பண்ணியிருந்தா ஏதாவது செஞ்சிருப்பேனே," என்றார். அவர் காதைப் பார்த்தேன். ஏழு கல் வைரத் தோடு போட்ட காது. தோட்டின் பாரத்தில் கீழே இழுபட்ட துளைகள் இரண்டும் கோடுகளாகத் தொங்கின. ஒன்றுமே போட்டிருக்கவில்லை.

மோர் கொடுத்தார். ஸ்கேன் கதையைச் சொன்னேன். டப்பாவைத் திறந்து மேஜைமேல் வைத்தேன். "திரும்பப் போட்டுக்கலாமான்னு கேட்க வந்தேன் அக்கா. போட்டா நீங்கதான் போட்டுவிடணும்."

நாத்தனார் கல்லைத் தொடவில்லை. குனிந்து பார்த்துவிட்டு, "காகபாதம் இருக்கற கல்லு," என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வாங்கறதுக்கு முன்னாடியே எங்கிட்ட சொன்னான். வேணாம்டான்னு தலதலையா அடிச்சுக்கிட்டேன். நீ இந்தக் காலத்துலயும் இதெல்லாம் நம்பறியாக்கான்னு சிரிச்சான். அவன் போனப்ப எனக்கு வேற எதுவுமே தோணல. இந்தக் கல்லுதான், இந்தக் கல்லுதான்னு ஒரே நினைப்பு. அன்னைக்கு ரத்தம் வர்ற வரைக்கும் திருகுனேன் பாரு, சடங்குக்காக இல்ல. பிடுங்கிக் கடல்ல எறியணும்னு ஆத்திரம்."

சமையலறையில் பிரிட்ஜ் ஓடும் சத்தம் கேட்டது.

"நீயும் அப்படி நினைச்சியா?" என்று கேட்டார்.

"தினமும் நினைச்சேன்," என்றேன். முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னேன்.

அவர் தன் காதுத் துளையை விரலால் நீவிக்கொண்டார். "என் தோடு அவன் தேடித் தேடிச் சேர்த்த கல்லு. ரெண்டு தோட்டுலயும் ஏழும் ஒரே நீரோட்டம், கல்லுக்குக் கல்லு ஒளி மாறாது. ஒரு புள்ளி கிடையாது, ஒரு கீத்து கிடையாது. லென்ஸ்ல பார்த்துட்டு, அக்கா உனக்குக் குத்தமே இல்லாத கல்லுன்னான். அதைப் போட்டுக்கிட்டுதான் இருந்தேன். எங்க வீட்டுக்காரரும் போயிட்டாரு." மோர் டம்ளரை ஓரமாக நகர்த்திவைத்தார். "யாரும் வந்து கழட்ட வேணாம்னு நானே கழட்டி மருமக கையில குடுத்துட்டேன். குத்தம் இருக்கற கல்லுலயும் போறாங்க, குத்தமில்லாத கல்லுலயும் போறாங்க. இதை உங்கிட்ட சொல்லணும்னு ஒரு வருஷமா நினைக்கிறேன். போனை எடுப்பேன், வெச்சுடுவேன்."

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. எழுந்துபோய்ச் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்தார். "போட்டுக்கோ. ஆனா நான் தொடமாட்டேன். கழட்ட வந்த கையால போடக் கூடாது. கண்ணாடியப் பிடிக்கிறேன், நீயே போடு."

ஈர்க்கை எடுத்துவிட்டுத் தண்டை நுழைத்தேன். நுழைந்துவிட்டது. திருகாணியை உள்ளே கொண்டுபோகும்போது விரலிலிருந்து நழுவிக் கீழே விழுந்து உருண்டோடிவிட்டது. "அசையாதே, அசையாதே," என்று நாத்தனார் கத்தினார். கண்ணாடியைக் கட்டில்மேல் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். நானும் ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டேன். மொபைல் வெளிச்சத்தில் கட்டிலுக்கடியில் தேடினோம். ஒரு ஹேர்ப்பின் கிடைத்தது, ஒரு மாத்திரை கிடைத்தது, பேரனின் பொம்மைக் காரின் சக்கரம் கிடைத்தது. இரண்டு கிழவிகள் தரையில் தவழ்வதை நினைத்து முதலில் சிரித்தது அவர்தான். எனக்குத் தலை சுற்றிவிடுமோ என்று பயமாக இருந்தாலும் நானும் சிரித்தேன். கடைசியில் பீரோவின் காலோரம் கிடைத்தது.

அவர் அதை ஊதித் துடைத்தார். "மூஞ்சிய இப்படித் திருப்பு," என்றார். தொடமாட்டேன் என்று சொன்னதை மறந்தே போனார். தம்பியின் விரல்களைப் போலவே அவர் விரல்களும் நீளம். சுற்றி முடித்துவிட்டு, சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று கல்லை ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.

"ரொம்ப இறுக்கல. வேணும்னா கழட்டலாம்," என்றார்.

ரசமும் அப்பளமும் செய்தார். என்னோடு வந்து இரும்புலியூரில் கொஞ்ச நாள் இருங்கள் என்று கூப்பிட்டேன். "வீட்டைப் போட்டுட்டு எங்க வர்றது?" என்றார். நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். திரும்பி வரும்போது ரயிலில் கூட்டமில்லை. வண்டலூர் தாண்டும்வரை ஜன்னலில் காற்று வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டுக் கதவைத் திறந்தபோது காலையில் மறந்து விட்டுப்போன விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

அதன்பின் எல்லாம் மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். காலையில் தலையணையை வைத்துக்கொண்டு தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்க்கிறேன். சுற்றல் குறைந்திருக்கிறது. அந்தப் பழைய நினைப்பும் எப்போதாவது வருகிறது. வந்தால், ஏழும் ஒரே நீரோட்டம் என்று நாத்தனார் சொன்னது நினைவுக்கு வரும். கொஞ்ச நேரத்தில் அது போய்விடும். எதிர் வீட்டுக்காரர்களிடம் இன்னும் பெயர் கேட்கவில்லை.

மழைக்காலம் தொடங்கியபோது நாத்தனாரிடமிருந்து போன் வந்தது. அவராகக் கூப்பிட்டது அதுதான் முதல்முறை.

"காதுத் துளை ரெண்டும் அறுந்துடும் போல இருக்கு. தைக்கலாம்னு டாக்டர் சொல்றாரு. கூட யாராவது வரணுமாம்," என்றார்.

"நான் வரேன் அக்கா."

"தைச்ச பிறகு சின்னதா ஏதாவது போட்டுக்கலாம்னு பார்க்கறேன். கல்லு வெச்சதில்ல, சும்மா ஒரு பொட்டு மாதிரி."

தாம்பரத்தில் ஒரு கிளினிக்கில் தைத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு காதிலும் பிளாஸ்டரோடு வெளியே வந்தவருக்கு மழைக்காகத் தலைப்பைப் போர்த்திவிட்டு, ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய் வண்டி ஏற்றிவிட்டேன். மகளிர் பெட்டியில் ஜன்னலோர இடம் கிடைத்தது. வண்டி நகரும்வரை பிளாட்பாரத்தில் நின்றேன். அவர் ஏதோ சொன்னார். அறிவிப்புச் சத்தத்தில் கேட்கவில்லை. சரி சரி என்று தலையாட்டினேன். வண்டி போனதும் குடையை விரித்துக்கொண்டு மேம்பாலப் படியேறினேன்.